தசையிழைகள் களமிறங்கும் வரிசை: உடற்பயிற்சியில் சோர்வின் வேலை

ஒரு தசையின் இழைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்வது மிக அரிது. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஓர் இயக்க நரம்பணு தசைக்குள் நுழைந்ததும் பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் ஓர் இழையில் போய் முடிகிறது. அந்த நரம்பணுவும் அது ஆளும் இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. இந்தக் கருத்தை 1920-களில் நிலைநிறுத்தியவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்துப் பதினைந்து இழைகள்தான். கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். நரம்பணு ஒரு துடிப்பை அனுப்பினால் அதன் இழைகள் எல்லாமே சுருங்கும், அனுப்பாவிட்டால் ஒன்றுகூடச் சுருங்காது. ஆகவே விசையைக் கூட்டவோ குறைக்கவோ உடலுக்கு இரண்டே வழிகள் உண்டு: களத்தில் இருக்கும் அலகுகளின் எண்ணிக்கையை மாற்றலாம், அல்லது அவை துடிக்கும் வேகத்தை மாற்றலாம். உடற்பயிற்சியில் ஒருவர் எவ்வளவு தூக்குகிறார், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார், எங்கே நின்றுபோகிறார் என்பதெல்லாம் இந்த இரண்டு வழிகளையும் சோர்வு எப்படி மாற்றுகிறது என்பதைப் பொறுத்தது.

அலகுகள் எந்த வரிசையில் களமிறங்குகின்றன என்பதைக் கண்டறிந்தவர் ஹார்வர்டில் பணியாற்றிய எல்வுட் ஹென்னமன். பூனையின் கால்தசையை மெல்ல இழுத்து, தண்டுவடத்தை விட்டு வெளியேறும் நரம்பு வேர்களில் எழுந்த மின்துடிப்புகளைப் பதிவுசெய்தார். இழுவை கூடக்கூட முதலில் சிறிய துடிப்புகளும், பிறகு பெரியவையும் தோன்றின. இழுவையைத் தளர்த்தியபோது அதே வரிசை தலைகீழானது. கடைசியில் வந்தவை முதலில் அடங்கின. துடிப்பின் அளவு நரம்பணுவின் அளவைக் காட்டுவதால், சிறிய நரம்பணுக்கள் முதலிலும் பெரியவை பின்னரும் களமிறங்குகின்றன என்று 1957-இல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னார். 1965-இல் வந்த கட்டுரைத் தொடர் அதை உறுதிப்படுத்தியது. காரணம் எளிய மின்னியல்தான். சிறிய செல்லின் சவ்வில் மின்தடை அதிகம். அதே அளவு மின்னோட்டம் வந்தாலும் அங்கே மின்னழுத்தம் கூடுதலாக உயரும், துடிப்புக்கு வேண்டிய வரம்பை அது முதலில் எட்டிவிடும். யார் முதலில், யார் பிறகு என்று மூளை உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. கட்டளையின் மொத்த அளவை மட்டும் அது கூட்டினால் போதும், வரிசை தானாக அமைந்துகொள்ளும்.

இந்த வரிசைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. சிறிய நரம்பணுக்கள் ஆளும் இழைகள் பெரும்பாலும் மெது இழைகள்: மெல்லியவை, மெதுவாகச் சுருங்குபவை, மைட்டோகாண்ட்ரியாவும் இரத்த நுண்குழல்களும் நிறைந்தவை, ஆக்சிஜன் கிடைக்கும்வரை மணிக்கணக்கில் உழைப்பவை. பெரிய நரம்பணுக்களுக்கு உரியவை விரைவு இழைகள். பருமனான இந்த இழைகள் சட்டென்று பெரும் விசை தரும், விரைவிலேயே ஓயவும் செய்யும். இரண்டுக்கும் நடுவில், விரைவாகச் சுருங்கினாலும் ஓரளவு தாங்கும் இடைவகை ஒன்றும் இருக்கிறது. பூனையின் கெண்டைக்கால் தசையில் அலகுகளை ஒவ்வொன்றாகத் தூண்டி, இரண்டு நிமிடத்தில் எது எவ்வளவு தளர்கிறது என்று அளந்து, ராபர்ட் பர்க்கும் சகாக்களும் 1973-இல் இந்தப் பிரிவினையைத் தெளிவுபடுத்தினார்கள். ஆக, எளிதில் சோர்வடையாதவை முன்வரிசையிலும், சுலபமாகச் சோர்வடைபவை கடைசி வரிசையிலும் நிற்கின்றன. நடக்க, நிற்க, எழுத முன்வரிசையே போதும். நாள் முழுவதும் எழுதும் கை நடுங்காததற்கும், நாற்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிய கை சற்று நேரம் நடுங்குவதற்கும் இதில் விடை இருக்கிறது.

தண்டால் எடுப்பவர் ஒருவரை அருகிலிருந்து பார்த்தால் வரிசையும் சோர்வும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னுகின்றன என்று தெரியும். அவரால் தொடர்ச்சியாக முப்பது தண்டால் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். உடலின் எடை மாறுவதில்லை. முதல் தண்டாலுக்கும் இருபத்தைந்தாவதுக்கும் தரையிலிருந்து மேலே தள்ள வேண்டிய பாரம் ஒன்றுதான். தொடக்கத்தில் மெது இழைகளும் இடைவகையில் ஒரு பகுதியும் அந்தப் பாரத்தைச் சமாளிக்கின்றன. பத்து, பன்னிரண்டைத் தாண்டும்போது இடைவகையில் சில தம் பங்கு விசையைத் தர இயலாமல் தளர்கின்றன. பாரம் குறையாததால் மூளை கட்டளையைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த வரிசை அலகுகள் உள்ளே வருகின்றன. மார்புத் தசையின் மேல் மின்முனைகளை ஒட்டிப் பதிவுசெய்தால், வெளியே எதுவும் மாறாதபோதும் மின் அலைகள் பெருத்துக்கொண்டே போவது தெரியும். இருபதுக்கு மேல் வேகம் குறைகிறது, முழங்கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. இப்போது கடைசி வரிசையும் களத்தில் இருக்கிறது. முப்பத்தொன்றாவது தண்டாலில் உடல் பாதியில் நிற்கும்போது, அழைப்பதற்கு அலகுகள் இல்லை, இருப்பவற்றிடம் போதிய விசையும் இல்லை.

இதிலிருந்து சோர்வைப் பற்றி ஒன்று விளங்குகிறது. முப்பத்தொன்றாவது தண்டாலில் திடீரென்று வந்த நிகழ்வாகப் பயிற்சி செய்பவர் அதை உணர்கிறார். உண்மையில் அது முதல் சில தண்டால்களிலேயே தொடங்கிவிட்டது. பின்வரிசை இழைகள் வந்து இட்டு நிரப்பியதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். உடலியல் நூல்களும் சோர்வை வேலை நின்றுபோகும் கணமாக வரையறுப்பதில்லை. உழைப்பால் உண்டாகி ஓய்வால் மீளும் விசைத் திறன் குறைவு என்றே வரையறுக்கின்றன. குறைவு எங்கே, எப்போது தொடங்கியது என்பதைக் கடைசித் தண்டால் சொல்லாது.

வரிசை எல்லாத் தசைகளிலும் ஒன்றாக இருந்தாலும், அது எந்த விசையில் முடிகிறது என்பது தசைக்குத் தசை மாறும். கட்டைவிரலை உள்ளே இழுக்கும் சிறு தசையில், முழு விசையில் பாதியை எட்டும்போதே எல்லா அலகுகளும் வந்துவிடுகின்றன. மீதிப் பாதி விசை துடிப்பு வேகத்தைக் கூட்டுவதால் கிடைக்கிறது. புஜத்தின் முன்தசையில் 88 விழுக்காடுவரை புதிய அலகுகள் வந்துகொண்டே இருப்பதாகக் குகுல்காவும் கிளாமனும் 1981-இல் அளந்து காட்டினார்கள். விரல் நுட்பத்துக்கு ஆனது, எனவே விசையைச் சீராக ஏற்றி இறக்க வேண்டும். புஜம் சுமைக்கு ஆனது, எனவே அதன் பெரிய இழைகள் உச்சத்துக்கென ஒதுக்கி வைக்கப்படுகின்றன. உடற்பயிற்சிக் கூடத்தில் பாதி எடையோடு பாதி தூரத்தில் நிறுத்திக்கொள்பவரின் பெரிய இழைகள் அன்று வேலைக்கே வரவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

நீண்ட நேர உழைப்பில் இதே நாடகம் மணிக்கணக்கில் நடக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1960-களில் தசையில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கை எடுக்கும் முறையைப் பரவலாக்கிய பிறகு அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் இருக்கும் இழை சாயத்தை ஏற்றுச் செஞ்சிவப்பாகத் தெரியும். அது தீர்ந்த இழை வெளிறிக் கிடக்கும். பிலிப் கோல்னிக், காரின் பீல், பெங்ட் சால்டின் ஆகியோர் 1974-இல் மிதிவண்டி ஓட்டியவர்களின் தொடைத் தசையை இப்படிச் சோதித்தனர். மிதமான வேகத்தில் முதலில் மெது இழைகள் மட்டும் வெளிறின. நேரம் போகப் போக விரைவு இழைகளும் வெளிறத் தொடங்கின. உச்ச வேகத்தில் ஓட்டியபோது விரைவு இழைகள் ஆரம்பத்திலேயே காலியாகின. ஹென்னமன் பூனையின் நரம்பு வேரில் கேட்ட வரிசையை இவர்கள் மனிதத் தசையில் நிறமாகப் பார்த்தார்கள். மாரத்தான் ஓட்டக்காரருக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் அதே வேகம் கடினமாகத் தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு: களைத்துப்போன மெது இழைகளின் இடத்தில், அதே வேலைக்குக் கூடுதல் ஆற்றல் செலவழிக்கும் விரைவு இழைகள் ஓடுகின்றன. கிளைக்கோஜன் இருப்பு எவ்வளவு முக்கியம் என்பதை பெர்க்ஸ்ட்ரோம் குழுவின் 1967 சோதனை காட்டியது. சாதாரண உணவு உண்டவர்கள் ஒரே வேகத்தில் சராசரி 114 நிமிடம் மிதித்தார்கள். மாவுச்சத்து நீக்கிய உணவுக்குப் பின் அது 57 நிமிடமாகக் குறைந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பின் 167 நிமிடமாக உயர்ந்தது.

இழைக்குள் உண்மையில் என்ன தளர்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே பதில்தான் இருந்தது: லாக்டிக் அமிலம். ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் 1907-இல் தவளைத் தசை களைக்கும்போது லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசையின் வெப்பம், லாக்டிக் அமிலம் பற்றிய ஆய்வுகளுக்காக ஏ.வி. ஹில்லும் ஓட்டோ மையர்ஹோஃபும் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். களைப்பும் லாக்டிக் அமிலமும் சேர்ந்தே தோன்றுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்ற முடிவு சுலபமாக வேரூன்றியது. இதற்கு வலுவான மறுப்பு ஒரு நோயிலிருந்து வந்தது. பிரையன் மெக்கார்டில் 1951-இல் விவரித்த நோயில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி தசையில் இல்லை. அந்த நோயாளிகளின் தசை உழைக்கும்போது லாக்டிக் அமிலம் சேர்வதேயில்லை. லாக்டிக் அமிலம்தான் குற்றவாளி என்றால் அவர்கள் களைக்கவே கூடாது. நடப்பது நேர்மாறு: மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். அமிலத்தின் தீங்கைக் காட்டிய பழைய சோதனைகள் பெரும்பாலும் குளிர்ந்த சூழலில் நடந்தவை என்பதும், 30 பாகை செல்சியஸ் அளவில் அதே விளைவு வெகுவாகக் குறைகிறது என்பதும் 1990-களில் தெரியவந்தன. அமிலம் முற்றிலும் நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. பாஸ்பேட்டோடு சேரும்போது உடல் வெப்பநிலையிலும் அது விசையைக் குறைக்கக் கூடும் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் மறுநாள் காலை வரும் தசைவலிக்கு அதைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சம் தொடுகிறது. அந்த வலி, நீண்டபடியே பாரம் தாங்கிய இழைகளில் ஏற்படும் நுண்சேதத்தோடு தொடர்புடையது.

இன்று அதிகச் சந்தேகத்துக்கு உள்ளாகியிருப்பது பாஸ்பேட். சுருக்கத்துக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு தசையில் உடனடியாகக் கிடைப்பது ஓரிரு விநாடிக்கே போதும். அது குறையக் குறைய கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து அதை நிரப்புகிறது. உடையும்போது வெளியாகும் பாஸ்பேட் இழைக்குள் தேங்குகிறது. தேங்கிய பாஸ்பேட் சுருங்கும் புரதங்களின் பிடியைத் தளர்த்துகிறது. பிறகு கால்சியம் சேமித்திருக்கும் பைகளுக்குள் புகுந்து கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. நரம்புத் துடிப்பு வந்தாலும் வெளியேறும் கால்சியம் குறைகிறது, சுருக்கம் வலுவிழக்கிறது. சில விநாடிகளே நீளும் ஓட்டத்தில்கூட வேகம் இறங்குவது தெரியும். உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்தபோது, 60-க்கும் 80-க்கும் இடைப்பட்ட 20 மீட்டருக்கு 1.61 விநாடியும், கடைசி 20 மீட்டருக்கு 1.66 விநாடியும் எடுத்துக்கொண்டார். முடிவுக் கோட்டருகே அவர் மற்றவர்களை விட்டு விலகிப் பறப்பதுபோல் தெரிந்தது. அவரும் அப்போது வேகம் இழந்துகொண்டுதான் இருந்தார்; மற்றவர்கள் அவரைவிட அதிகமாக இழந்தார்கள்.

தசை தளர்வது ஒரு பக்கம், கட்டளை தளர்வது மறுபக்கம். இந்தப் பிரச்சினையை முதலில் கருவியோடு அணுகியவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோசோ. கையையும் மற்ற விரல்களையும் அசையாமல் கட்டி, நடுவிரலால் மட்டும் ஓர் எடையைத் தாளத்தோடு இழுக்கச் செய்து, ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் புகைபடிந்த உருளையில் கோடாகப் பதியவைத்தார். கோடுகள் படிப்படியாகக் குட்டையாகி மறையும். மாணவர்களுக்கு மணிக்கணக்கில் வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த சக பேராசிரியரின் கோடுகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குட்டையானதை அவர் கவனித்தார். விரல் உழைக்கவில்லை, தலைதான் உழைத்திருந்தது. சோர்வைப் பற்றிய அவருடைய நூல் 1891-இல் வெளிவந்தது. இதற்கு எதிர்ப்பக்கம் நின்றவர் லண்டனின் பி.ஏ. மெர்ட்டன். கட்டைவிரல் தசையை முழு மூச்சாக இறுக்கச் சொல்லி, இடையில் மணிக்கட்டு நரம்பில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். மூளை எதையாவது பாக்கி வைத்திருந்தால் அதிர்ச்சியில் விசை சற்று எகிற வேண்டும். எகிறவில்லை. சோர்வு முழுக்கத் தசையில்தான் என்று 1954-இல் முடிவுகட்டினார்.

மெர்ட்டனின் முறை நிலைத்தது, முடிவு நிலைக்கவில்லை. நுட்பமான அளவைகளோடு அதையே திரும்பச் செய்த சிட்னியின் சைமன் கண்டேவியா குழு, முழங்கையை மடக்கும் தசைகளில் நேரம் ஆக ஆக ஒரு சிறு எகிறல் தோன்றி வளர்வதைக் கண்டது. தலைக்கு மேல் காந்தத் தூண்டல் கொடுத்தும் கூடுதல் விசையை வரவழைக்க முடிந்தது. அதாவது, தசையிடம் மிச்சமிருந்ததை மூளை முழுதாகக் கேட்டு வாங்கவில்லை. பெரும்பகுதி இழப்பு தசையில் நேர்கிறது, ஒரு பகுதி நரம்பு மண்டலத்தில் நேர்கிறது என்பதே இன்றைய நிலை. துடிப்பு வேகத்திலும் இது தெரிகிறது: உச்ச முயற்சி நீடிக்கும்போது நரம்பணுக்கள் துடிக்கும் வேகம் இறங்குவதை பிரெண்டா பிக்லண்ட்-ரிட்சி 1983-இல் பதிவுசெய்தார். களைத்த தசை ஒவ்வொரு சுருக்கத்திலிருந்தும் விடுபடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால் குறைந்த வேகமே போதுமானதாகிறது என்று அவர் கருதினார். இது சேதமா சிக்கனமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

உழைக்கும் தசையிலிருந்து மூளைக்குத் திரும்பும் மெல்லிய நரம்புகள் இந்தக் கட்டளையை அடக்கிவைக்கின்றன என்பதற்கு மார்க்குஸ் அமான் குழு 2009-இல் நல்ல சான்று தந்தது. தேர்ந்த மிதிவண்டி வீரர்களின் கீழ்முதுகில் ஃபென்டனில் என்ற வலிநீக்கி மருந்தைச் செலுத்தி, கால்களிலிருந்து வரும் சேதியை மறித்துவிட்டு, 5 கிலோமீட்டர் ஓட்டவைத்தார்கள். முதல் பாதியில் வீரர்கள் வழக்கத்தை மீறிய வேகத்தில் பறந்தார்கள். பின்பாதியில் தசை கைவிட்டது. மொத்த நேரத்தில் ஆதாயம் ஏதுமில்லை. முடிவில் அவர்களுடைய தொடைத் தசைகள் சாதாரண நாளைவிட மிக மோசமாகத் தளர்ந்திருந்தன. கால் கடுக்கும் உணர்வைத் தடை என்று நினைப்பது எளிது. பந்தயத்துக்கு நடுவே விரைவு இழைகளை மொத்தமாகச் செலவழித்துவிடாமல் காப்பது அதுதான்.

மறுபுறம், மனமே எல்லாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சாமுவேலே மார்கோராவும் வால்ட்டர் ஸ்டாயானோவும் 2010-இல் விளையாட்டு வீரர்களை இனி முடியாது என்று நிறுத்தும்வரை சராசரி 242 வாட்டில் மிதிக்கவைத்து, நிறுத்திய கையோடு ஐந்து விநாடி முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னார்கள். அவர்கள் சராசரி 731 வாட் கொடுத்தார்கள். நின்றது கால் அல்ல, மனம்தான் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். வாதம் கவர்ச்சியானது, ஆனால் கணக்கின் மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும்: அதே வீரர்கள் களைப்பதற்கு முன் அந்த ஐந்து விநாடியில் ஆயிரம் வாட்டுக்கு மேல் தந்திருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறன் காணாமல்போயிருந்தது. ஐந்து விநாடி தர முடிந்ததை ஐந்து நிமிடம் தர முடியும் என்று ஆகாது.

வெப்பம் இந்த இரு பக்கத்தையும் ஒருசேரத் தாக்குகிறது. கோன்சாலெஸ்-அலோன்சோ குழு 1999-இல் ஒரே வீரர்களை வெவ்வேறு உடல் வெப்பநிலையில் மிதிக்கத் தொடங்கவைத்தது. முன்கூட்டிக் குளிர்விக்கப்பட்டவர்கள் 63 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள், முன்கூட்டிச் சூடேற்றப்பட்டவர்கள் 28 நிமிடம். இரண்டு முறையும் அவர்கள் நின்றது ஏறத்தாழ ஒரே புள்ளியில், உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தொட்டபோது.

பயிற்சித் திட்டம் வகுப்பவர்களுக்கு இவற்றிலிருந்து கிடைக்கும் நேரடிப் பாடம், பெரிய இழைகளை எட்ட இரண்டு வாசல்கள் உண்டு என்பது. ஒன்று கனமான எடை: முதல் தூக்கிலேயே எல்லா வரிசையும் வர வேண்டியிருக்கும். இன்னொன்று இலகுவான எடையை முடியாமல் போகும்வரை தூக்குவது: சோர்வே பின்வரிசையை இழுத்து வரும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 விழுக்காட்டைக் களைக்கும்வரை தூக்கிய கால்களும், 80 விழுக்காட்டைத் தூக்கிய கால்களும் பத்து வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு பருத்தன. ஆனால் உச்ச எடையைத் தூக்கும் வலிமை 80 விழுக்காட்டுக் கால்களுக்கே கூடுதலாக வளர்ந்தது. பருமனுக்கு இழை உழைத்தால் போதும். வலிமைக்கு எல்லா அலகுகளையும் ஒரே கணத்தில், உயர்ந்த வேகத்தில் துடிக்கவைக்க நரம்பு மண்டலம் பழக வேண்டும். எடை தூக்கக் கற்பவர்களின் வலிமை முதல் சில வாரங்களில் தசை பெரிதாகப் பருக்காமலே உயர்வதும் இதனால்தான். ஜப்பானில் யோஷியாகி சாட்டோ உருவாக்கிய, கைகால்களைப் பட்டையால் இறுக்கி இரத்த ஓட்டத்தைக் குறைத்துச் செய்யும் முறை இரண்டாம் வாசலைச் சீக்கிரம் திறக்கும் உத்தி. மூட்டு அறுவை முடிந்து பாரம் தூக்க முடியாதவர்களுக்கு அது உதவுகிறது. மின்தூண்டல் கருவிகளோ வரிசையையே மதிப்பதில்லை: மின்முனைக்கு அருகில் உள்ள அதே இழைகளைத் திரும்பத் திரும்ப, ஒரே நேரத்தில் துடிக்கவைக்கின்றன. குறைந்த விசைக்கே தசை விரைவில் களைத்துவிடுவது அதனால்தான்.

ஒரு தவணைத் தூக்கலுக்குப் பின் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதும் எந்தச் சோர்வு என்பதைப் பொறுத்தது. கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி அரை நிமிடத்தில் திரும்பிவிடும், பெரும்பகுதி மூன்று முதல் ஐந்து நிமிடத்தில். வலிமைக்குப் பயிற்சி செய்பவர்கள் தவணைகளுக்கிடையே சில நிமிடம் உட்கார்ந்திருப்பது சோம்பல் ஆகாது. ஒரு நிமிடத்தில் எழுந்தால் அடுத்த தவணையில் விரைவு இழைகள் முழு வலுவோடு வராது. தீர்ந்த கிளைக்கோஜன் நிரம்ப ஒரு முழு நாள் ஆகலாம். இவற்றைவிட மெதுவாக மீளும் சோர்வு ஒன்றை ரிச்சர்ட் எட்வர்ட்ஸும் சகாக்களும், மெர்ட்டனும் அவர்களில் ஒருவர், 1977-இல் விவரித்தார்கள். கடும் உழைப்புக்குப் பின் தசையை விநாடிக்கு 50 அல்லது 100 முறை தூண்டினால் விசை சீக்கிரமே பழைய அளவுக்கு வந்துவிட்டது. விநாடிக்கு 20 முறை தூண்டினால் மறுநாளும் குறைவாகவே இருந்தது. அன்றாட அசைவுகளில் நரம்பணுக்கள் துடிப்பது இந்தக் குறைந்த வேகத்தில்தான். எனவே மறுநாள் உச்ச எடையைத் தூக்கிப் பார்ப்பவருக்குக் குறை பெரிதாகத் தெரியாது. மாடிப்படி ஏறும்போது தெரியும்: அதே படிக்கு நேற்றைவிடக் கூடுதல் அலகுகளை, கூடுதல் கட்டளையோடு, உடல் களமிறக்க வேண்டியிருக்கிறது.